வெட்டி மூடப்பட்ட ஒயர்: ஒரு பேஸ் கிட்டார் ஒயரிங்கும் ஒரு மைக் ஷாக்கும்

பின்னணி

மதுரையில் ஆம்ப், மிக்சர், கீபோர்டு சரிபார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கிட்டார் வேலை மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். அப்படி வந்த ஒரு பேஸ் கிட்டாரைப் பற்றிய குறிப்பு இது. ஒயரிங் வேலையாகத் தொடங்கி, ஒரு திருவிழா மேடையின் கரண்ட் போர்டில் போய் நின்றது. நடுவில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கிட்டாருக்கு உரியவர் இருபத்தைந்து வயதை ஒட்டியவர், திருமங்கலம் பக்கத்துக் கிராமம். ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிறார், கோரஸும் பாடுவார். இந்தக் கோரஸ் விஷயம் பிற்பாடு முக்கியமாகிவிட்டது. கருவி, ஃபெண்டர் 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் மாதிரியில் செய்த மலிவு விலைக் கிட்டார். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள், அதாவது சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு, ஆளுக்கொரு வால்யூம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன். பேட்டரி கிடையாது. ஒரு வருடத்துக்கு முன் வேறொரு மெக்கானிக் உள்ளே முழுவதும் ஒயர் மாற்றியிருந்தார்.

தை மாதக் கடைசியில் கொண்டுவந்தார். "ரெண்டு பிக்கப்பையும் திறந்தா சத்தம் தகரம் மாதிரி ஆயிடுதுண்ணே. உறுமல் வேற நிக்கவே மாட்டேங்குது. வாசிக்காம சும்மா நின்னா எல்லாரும் என்னயத்தான் திரும்பிப் பாக்குறாங்க" என்றார். நான் கேட்டது இரண்டே கேள்வி: எப்போதிருந்து, எந்த ஆம்பில். முன்பு என்ன வேலை பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை.

திறந்தபோது கண்டது

திறப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்த்ததிலேயே பாதி தெரிந்துவிட்டது. இந்த வகைக் கிட்டாரில் உறுமல் இரண்டு விதம். ஒன்று அடித்தொண்டையில் முனகுவது போன்ற ஹம். டிரான்ஸ்ஃபார்மர், ஒயர்களின் காந்தப் புலத்தை 50 ஹெர்ட்ஸ் கணக்கில் காயில் பிடித்துக்கொள்வதால் வருவது. இன்னொன்று வண்டு குடைவது போன்ற கரகரப்பு. சுற்றியுள்ள மின்புலத்தை நம் உடம்பே ஏரியல் போல வாங்கிக் கருவிக்குக் கொடுப்பதால் வருவது. கம்பியைத் தொட்டதும் இந்த இரண்டாவது சத்தம் சட்டென்று அடங்க வேண்டும். இதில் கம்பியைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. குமிழ்கள் இருக்கும் குரோம் தகட்டைத் தொட்டால் அடங்கியது. அப்படியானால் தகடு கிரவுண்டில், அதாவது கருவியின் பொது இணைப்பில் சேர்ந்திருக்கிறது, கம்பிகள் சேரவில்லை.

தகட்டைக் கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. கம்பிகள் உட்காரும் உலோகப் பாலமான பிரிட்ஜுக்கு அடியிலிருந்து குழிக்குள் வரும் கறுப்பு ஒயர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனையில் ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி, மடக்கி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற ஈயமெல்லாம் கோழி எச்சம் போலக் கிடந்த அந்தக் குழியில் இந்த ஒரு முனை மட்டும் அவ்வளவு சுத்தம். 'யாரோ மறந்துவிட்டார்கள்' என்று நினைத்தேன். மறந்தவர் எதற்கு ஸ்லீவ் போடப் போகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேறு. ஒரு சின்னக் காம்பஸை பிக்கப்புகளின் மேல் நகர்த்திப் பார்த்தேன். இரண்டிலும் காந்த முகம் எதிரெதிர். அதாவது ஒன்றில் காந்தமும் சுருள் சுற்றிய திசையும் தலைகீழாக இருக்கும்படி செய்த ஜோடி. இரண்டையும் முழுதாகத் திறந்தால் கம்பியின் ஓசை கூட வேண்டும், ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முள் மீட்டரை பிக்கப் ஒயர்களில் மாட்டி, துருவத்தின் மேல் வைத்த ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று எடுத்தேன். ஒரு பிக்கப்பில் முள் வலது பக்கம் துள்ளியது, மற்றதில் இடது பக்கம். ஒரு பிக்கப்பின் இரு ஒயர்களும் இடம் மாறியிருந்தன. அதனால் எல்லாமே தலைகீழ்: ஓசை ஒன்றையொன்று தின்ன, ஹம் இரட்டிப்பானது.

மூன்றாவது, கண்ட்ரோல்கள். குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் தடை மாறும் பாகம். கிட்டார்காரர்கள் பாட் என்பதை ரேடியோ மெக்கானிக்குகள் கண்ட்ரோல் என்போம். மூன்றிலும் B100K என்று இருந்தது. B என்றால் லீனியர், தடை ஒரே சீராக ஏறுவது; 100 கிலோ ஓம். ஜாஸ் பேஸுக்கு வழக்கம் 250 கிலோ ஓம், காதுக்கு ஏற்றபடி ஏறும் லாக் வகை. மூன்று குமிழும் முழுதாகத் திறந்த நிலையில், மேல் சுரங்களுக்கு மூன்று 100 கிலோவும் பக்கவாட்டில் சேர்ந்து 33 கிலோ ஓம் சுமையாகி அவற்றை மழுக்கிவிடும். 250 என்றால் 83. டோனில் 104 என்ற எண் போட்ட செராமிக் கப்பாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் கம்பளிக்குள் போய்விடும். பிக்கப்புகள் மட்டும் பழுதில்லை, 7.4, 7.7 கிலோ ஓம் காட்டின.

முதல் முடிவுகள்

250 கிலோ பாட்டை இணையத்தில் வரவழைக்கலாம், ஆனால் அவருக்கு மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சாமி கும்பிட்டில் கச்சேரி இருந்தது. டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் 220 கிலோ லாக் கிடைத்தது. 250 என்று விற்பதிலேயே 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், 200 முதல் 300 வரை எதுவும் வரலாம். ஆகவே 220 போதும். ஏழெட்டை மீட்டரில் அளந்து, மூன்றைப் பொறுக்கினேன்: 231, 226, 218. கடைக்காரர் முகம் சுளித்தார், சரி என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

வால்யூம் இரண்டையும் ஜாஸ் பேஸ் முறையில் கட்டினேன். பிக்கப்பின் சிக்னல் நடுக்காலுக்குப் போகும், வெளியே எடுப்பது ஓரக்காலிலிருந்து. மாற்றிக் கட்டினால் ஒரு வால்யூமைக் குறைக்கும்போது இரண்டும் செத்துவிடும். டோனுக்குப் பச்சை நிறப் பாலியெஸ்டர் கப்பாசிட்டர், 2A473J. அதாவது 0.047 மைக்ரோ, 100 வோல்ட். இடம் மாறியிருந்த பிக்கப் ஒயர்களை மாற்றினேன். மாற்றுவதற்கு முன் அந்த பிக்கப்பின் உலோகப் பாகம் எதுவும் கறுப்பு ஒயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சேர்ந்திருந்தால் அந்தப் பாகம் சிக்னல் பக்கம் போய்விடும்.

வெளி மின்புலம் உள்ளே வராமலிருக்கக் குழிகளுக்குள் செப்பு டேப் ஒட்டினேன். டேப்பின் பசை பெரும்பாலும் கரண்ட் கடத்தாது. எனவே துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடங்களில் எல்லாம் ஒரு பொட்டு ஈயம். பாட்டின் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் இரும்பு திணறும். அது சூடேறுவதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் வெந்துவிடும். 60 வாட் இரும்பை மூன்றே விநாடி வைத்து எடுத்துவிட்டேன்.

கடைசியாக அந்தக் கறுப்பு ஒயர். ஸ்லீவை உரித்து, புது ஒயர் நீட்டி, கிரவுண்டில் பற்ற வைத்தேன். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் (கேபிள் செருகும் துளையின்) கிரவுண்டுக்கும் இடையில் 0.4 ஓம். பட்டறை ஆம்பில் மாட்டினால், இரண்டு பிக்கப்பும் முழுதாகத் திறந்திருக்க, மழை விட்டது போல அமைதி. அவரும் கேட்டார், கையைப் பிடித்துக்கொண்டார். மாசி முதல் வாரம் கொடுத்து அனுப்பினேன்.

இரவு பதினொன்றரை மணிப் போன்

சிவராத்திரி இரவு போன். பின்னால் உறுமி மேளச் சத்தம். "அண்ணே, மைக்குல வாய் வச்சதும் சுர்ருன்னு இழுத்துருச்சு. உதடு இன்னும் மரத்துக் கெடக்கு."

மைக்கிலிருந்து விலகச் சொன்னேன், அன்றைக்குப் பாட வேண்டாம் என்றேன். அப்புறம்தான் முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய விஷயம் வந்தது. "முன்னாடியும் இப்படித்தாண்ணே அடிக்கும். அதுக்குத்தான் அந்த அண்ணன்ட்ட குடுத்தேன். அவரு பாத்ததுக்கு அப்புறம் அடிக்கவே இல்ல. இப்பத்தான் மறுபடியும்."

அந்த ஸ்லீவ் முனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்பி கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், வாசிப்பவரின் கை ஆம்பின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். உதடு மைக் வலையில் பட்டால், அது மிக்சரின் உடம்பு. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தால் ஆள்தான் ஒயர். முந்தைய மெக்கானிக் அந்தப் பாதையை வெட்டினார். அதற்கு விலையாக உறுமலை ஏற்றுக்கொண்டார். அவர் வேலை மோசம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நான் காரணத்தைக் கேட்காமல் பாதையைத் திறந்துவிட்டேன்.

1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பட்டறையில் மைக் வைத்துச் சோதிக்கத் தோன்றவில்லை. என் சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறது. சோதித்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது.

மேடையில் அளந்தது

அடுத்த கச்சேரி மேலூர்ப் பக்கம். சாயங்காலமே போய்விட்டேன், சவுண்ட் சர்வீஸ்காரர் பாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். மிக்சருக்குக் கோயில் சாக்கெட்டிலிருந்து ஈபி கரண்ட். பேஸ் ஆம்ப், சீரியல் செட், பவர் ஆம்ப் எல்லாம் ஜெனரேட்டரில். பேஸ் ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் காணோம்.

ஆம்பை ஆன் செய்து, கிட்டாரை யாரும் தொடாமல் ஸ்டாண்டில் வைத்து, கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையில் டிஜிட்டல் மீட்டரை வைத்தேன். 104 வோல்ட், ஏசி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். ஆனால் டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. எறும்பு அளவு கசிவையும் அது யானையாகக் காட்டும். அதனால் ஹோல்டரில் மாட்டிய ஒரு ஜீரோ வாட் பல்பை அதே இரண்டு முனைகளுக்கு நடுவில் சேர்த்துவிட்டு மறுபடி அளந்தேன். அரை வோல்ட்டுக்கும் கீழே விழுந்துவிட்டது, பல்பு எரியவில்லை. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கசிவுதான், நேரடி ஃபேஸ் இல்லை. சுர்ரென்று இழுக்கும், உயிரை எடுக்காது. பல்பு எரிந்திருந்தால் அந்த ஆம்பை அப்படியே வண்டியில் ஏற்றச் சொல்லியிருப்பேன். (ஃபேஸ் என்றால் கரண்ட், பேஸ் என்றால் கிட்டார். அன்று மேடையில் இந்த இரண்டு சொல்லும் மாறி மாறி ஒரு குழப்பு குழப்பின.) கரண்ட் வேலை பழக்கமில்லாதவர்கள் இந்தப் பல்புச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டாம்.

எர்த் பின் எங்கே என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டேன். "மூணு பின் போட்டா உறுமுது சார், அதான் எடுத்துட்டேன்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆம்பிலிருந்து மிக்சருக்கு ஒரு கேபிள் போகிறது, இரண்டுக்கும் தனித்தனி எர்த். அந்தக் கேபிளின் ஷீல்டு, அதாவது வெளி உலோகப் பின்னல் வழியாக ஒரு வட்டம் உண்டாகி உறுமும். ஆனால் வட்டத்தைச் சிக்னல் பக்கம் வெட்ட வேண்டும், பிளக் பக்கம் வெட்டக் கூடாது.

இரண்டாவது முடிவுகள்

மேடையில் செய்தது இதுதான். கோயில் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அதே பல்பை எரித்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. பேஸ் ஆம்புக்குப் புதுப் பிளக் போட்டு, மிக்சர் இருக்கும் அதே போர்டில் மாட்டச் சொன்னேன். ஆம்புக்கும் மிக்சருக்கும் இடையில் என் டிஐ பாக்ஸை (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வைத்து, அதில் கேபிள் வழி கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினேன். உறுமல் வரவில்லை. கம்பிக்கும் மைக்குக்கும் இடையில் 0.3 வோல்ட்.

கிட்டாரை என்ன செய்வது என்பதில்தான் யோசனை. மறுபடி வெட்டினால் பழைய உறுமல். அப்படியே விட்டால், நாளைக்கே இன்னொரு ஊரில் இன்னொரு இரண்டு பின் பிளக். நடுவழி ஒன்று உண்டு, பிரிட்ஜ் ஒயரில் ஒரு கப்பாசிட்டரைத் தொடராகச் சேர்ப்பது. சிலர் 0.33 மைக்ரோ போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 230 வோல்ட் நேராக வந்தால் 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக சுமார் 24 மில்லி ஆம்பியர் போகும். சுமார் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அது வேண்டாம்.

நான் போட்டது 4.7 நானோ, Y2 வகை. கம்ப்யூட்டர் போன்றவற்றின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைகளில் இருக்கும் நீல வில்லை. பழுதானால் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது, மெயின்ஸுக்கும் உலோக உடம்புக்கும் நடுவில் வைப்பதற்கென்றே உள்ளது. 230 வோல்ட் முழுதாக வந்தாலும் 0.34 மில்லி ஆம்பியர்தான் விடும். சாதாரண செராமிக்கை இந்த இடத்தில் போட்டால் ஒரு நாள் அது ஷார்ட் ஆகிவிடலாம், அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. கம்பி வழிப் பாதையைத்தான் இது காக்கிறது. குரோம் தகடும் கேபிள் பிளக்கின் உலோகமும் இன்னும் நேரடி கிரவுண்டில் இருக்கின்றன. தகட்டில் கை வைத்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் பழைய கதைதான். குமிழ்கள் பிளாஸ்டிக் என்பதால் அவற்றால் பிரச்சினை இல்லை. மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் வாங்கச் சொன்னேன். நாற்பது ஐம்பது ரூபாய் சமாசாரம், எச்சில் படாமலும் இருக்கும்.

பின்னர் நடந்தது

கப்பாசிட்டர் போட்ட பிறகு, நேரடியாகச் சேர்த்திருந்தபோது இருந்த அளவு அமைதி இல்லை. வண்டுச் சத்தம் லேசாக இருக்கிறது. ஒயர் வெட்டிக் கிடந்தபோது இருந்ததில் கால்வாசி என்று காதால் மதிப்பிடுகிறேன். கச்சேரியில் யாருக்கும் தெரியவில்லை. ஹம் பிக்கப்பைச் சரி செய்ததோடு போய்விட்டது, அது கப்பாசிட்டருக்குச் சம்பந்தமில்லாதது.

பங்குனியிலும் சித்திரையிலும் ஐந்து கச்சேரி போயிருக்கிறார். ஷாக் இல்லை. பாடுவதற்கு முன் டெஸ்டரை மைக்கில் ஒரு தடவை, கம்பியில் ஒரு தடவை வைக்கிறார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு இடத்தில் கம்பியில் டெஸ்டர் எரிந்திருக்கிறது, பார்த்தால் மறுபடி இரண்டு பின். மூன்று பின் எக்ஸ்டென்ஷன் வந்து சேரும்வரை பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "மாப்ள ரொம்பப் பிகு பண்றான்" என்று ஆர்க்கெஸ்ட்ராவில் பேச்சாம். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிவிட்டார். என்னுடையதை இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டது

கிட்டார் வந்தால் நோட்டில் மூன்று கேள்வி எழுதுகிறேன்: முன்பு உள்ளே கை வைத்தது யார், எந்தத் தொந்தரவுக்காக, வாசிப்பவர் பாடுவாரா. திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ. பாடுகிறவர் என்றால், மேடையில் யார் கரண்ட் போடுகிறார்கள் என்பதையும் விசாரிக்கிறேன். பாட், டோன் கப்பாசிட்டர் விஷயத்தில் மாற்ற எதுவும் இல்லை. அந்த 220 கிலோவை இனியும் போடுவேன்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்தேன். கப்பாசிட்டர் போட்ட கிட்டாரில் பிரிட்ஜுக்கும் ஜாக்குக்கும் இடையில் ஓம் மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. அடுத்து திறக்கும் மெக்கானிக், ஒயர் அறுந்துவிட்டது என்று நினைத்து நேராகச் சேர்த்துவிடுவார், நான் செய்தது போலவே. அதனால் குழிக்குள், செப்பு டேப்பின் மேல், ஒரு காகிதத்தில் எழுதி செல்லோ டேப் ஒட்டி வைத்தேன்: "பிரிட்ஜ் ஒயர் அறுந்துபோகவில்லை. நீல கப்பாசிட்டர் வேண்டுமென்றே போட்டது, 4.7 நானோ, Y2. இவர் பாடுவார், மைக்கில் ஷாக் அடித்திருக்கிறது. எடுப்பதற்கு முன் இவரிடம் கேட்கவும்."